முதலில் பூசணிக்காய்

பெங்களூர் காக்ஸ் டவுனில், வீலர் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெயர் வேண்டாம். அவளைப் போன்றவர்கள் எந்த நகரத்திலும் கிடைப்பார்கள். உயிரியல் படிக்கிறாள். டாக்டர் ஆகும் ஆசை இன்னும் விடவில்லை. விடுமுறையில் ஆறு வாரம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போகிறாள். ஏற்பாடு செய்து தரும் ஏஜென்சி கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வண்ணத் தாளைக் கொடுத்திருக்கிறது. 'நேரடி மருத்துவ அனுபவம்' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஊசி போடலாம், காயத்துக்குத் தையல் போடலாம், பிரசவ அறையில் கூட நிற்கலாம். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். வெறும் கையோடு போய் நிற்கக்கூடாது. கிளம்புவதற்குள் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது?

கவலைப்படுகிறாளே, அதுவே நல்ல அடையாளம். கவலைப்படாமல் விமானம் ஏறுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அவளுடைய கேள்விக்குள் அவள் கவனிக்காத இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கை வேலை எதையும் கையால்தான் கற்றாக வேண்டும். தச்சுப் பழகுகிறவன் மரத்தை வீணாக்குவான். தையல் பழகுகிறவள் துணியை வீணாக்குவாள். மருத்துவம் பழகுகிறவர் எதை வீணாக்குவார்?

காக்ஸ் டவுன்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்க நியாயமில்லை. 1898ல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. கன்டோன்மென்டின் நெரிசலான பழைய தெருக்களை விட்டு மக்கள் வெளியேறினார்கள். அதற்குப் பிறகுதான் ஃப்ரேஸர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் என்று வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர் தாங்கிய, காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பக்கத்து அசாயே ரோட்டின் பெயர் 1803ல் நடந்த ஒரு சண்டையிலிருந்து வந்தது. மதராஸ் சாப்பர் பட்டாளத்தோடும், அதை நம்பிய பிழைப்புகளோடும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பேச்சு இன்றும் மார்க்கெட்டில் கேட்கிறது. அந்தப் பிளேக் காலத்தில் நோய்க்குப் பயந்தவர்கள் அளவுக்கு, வீட்டுக்குள் நுழைந்து அக்குளைத் தடவிப் பார்த்த கைகளுக்குப் பயந்தவர்களும் இந்தியா முழுவதும் இருந்தார்கள். தொடுகிறவன் யார், அவனுக்கு என்ன தெரியும், வேண்டாமென்று சொன்னால் விடுவானா என்பதுதான் அந்தப் பயம்.

இன்னொரு நினைவு இதைவிட இனிமையானது. இன்று கோரமங்கலா பக்கம் பெரிய வளாகமாக நிற்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1963ல் தொடங்கியது காக்ஸ் டவுனுக்கு அடுத்த குக் டவுனில், ஓர் அநாதை இல்லத்தின் கட்டடத்தில். அப்போது அதற்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்க செயின்ட் மார்த்தாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரி 1975ல்தான் திறந்தது. அதாவது முதல் சில ஆண்டுகளின் மாணவர்கள் அத்தனை பேரும் விருந்தாளிகளாக நுழைந்து கற்றவர்கள். வார்டு அவர்களுடையதல்ல, நோயாளியும் அவர்களுடையவரல்ல. பக்கத்தில் எப்போதும் யாரோ ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டிருந்தவர் முக்கியமானவர். அவரிடம் பிறகு வருவோம்.

மனித உடம்புக்கு முன்னால் எதன் மீது கையைப் பழக்குவது என்பதற்கு இந்த நாட்டில் மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. சுஸ்ருத சம்ஹிதையின் முதல் பகுதியில், ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க இதைப் பற்றித்தான். கீறப் பழகுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி. குத்தித் திறக்கப் பழகுவதற்குச் சேறு நிரப்பிய தோல் பை. சுரண்டுவதற்கு மயிர் நீக்காத தோல். நரம்பில் துளையிட இறந்த விலங்கின் நாளம், அல்லது தாமரைத் தண்டு. புண்ணுக்குள் சலாகையை விட்டுத் தேடப் பழகுவதற்குப் புழு அரித்த மரம். தைப்பதற்குத் துணியின் ஓரமும் மெல்லிய தோலும். கட்டுப் போட ஆள் உயரப் பொம்மை. சாஸ்திரம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாலும் இந்தப் பயிற்சி இல்லாதவன் வேலைக்கு லாயக்கில்லை என்று அத்தியாயம் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுகிறது. இன்றைய மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் சிலிகான் தோலும் ரப்பர் கையும் இருக்கின்றன. வாயில் ஊதினால் மார்பு உயரும் பொம்மை இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகுவதும் எங்கும் நடக்கிறது. பூசணிக்காய் ரப்பராகிவிட்டது, அவ்வளவுதான்.

பூசணிக்காயிலிருந்து நோயாளிக்கு எப்படிப் போவது? 2019ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இந்தியாவில் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. கைத்திறன்களுக்கு அது நான்கு படிகளை வைத்திருக்கிறது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு மாணவர் உண்மையான நோயாளியிடம் அது செய்யப்படுவதைப் பார்ப்பார். அதன் பின் செய்கிறவருக்குக் கூடமாட உதவுவார். கடைசியில்தான், கண்காணிப்பில், தானே செய்வார். இதில் நடு இரண்டு படிகளைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள். பார்ப்பதும் உதவுவதும் வேலையாகவே தோன்றுவதில்லை. புகைப்படத்திலும் எடுப்பாக இராது.

காக்ஸ் டவுன் மாணவியின் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கன்டோன்மென்டில் அப்படிப்பட்டவர் ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம்.

"ஆன்ட்டி, எனக்கு ஊசி போடக் கத்துக் குடுங்களேன்."

"யாருக்குப் போடப் போற கண்ணு?"

"அங்க போனா பேஷன்ட்டுக்கு."

"இங்க பௌரிங்ல போய் ஒரு பேஷன்ட்டுக்குப் போடுறேன்னு கேளேன். விடுவாங்களா?"

"விட மாட்டாங்க ஆன்ட்டி."

"அப்ப அங்க மட்டும் ஏன் விடுறாங்க?"

சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள் என்பது மட்டுமல்ல, சட்டமும் விடாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 34ஆம் பிரிவின் கீழ், பதிவு பெறாமல் மருத்துவம் செய்கிறவருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சொந்த ஊரில் சிறைக்கு அனுப்பக்கூடிய காரியம் ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனதும் எப்படிச் சேவையாகிறது?

நர்ஸ் ஆன்ட்டியின் கேள்விக்குப் பதில் சொல்வது கடினமல்ல. அங்கே ஆள் இல்லை. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், வாசலில் நூறு பேர். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவரை டாக்டர் என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். வேண்டாம் என்று மறுக்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் மறுத்துவிட்டு வேறெங்கே போவது? ஏஜென்சி கொடுக்கும் பணம் ஆஸ்பத்திரிக்குத் தேவைப்படுகிறது. எல்லோருமே நல்ல எண்ணத்தோடுதான் இருக்கிறார்கள். தடுப்பதற்கு மட்டும் யாரும் இல்லை.

இது எதுவரை போகும் என்பதற்கு உகாண்டாவின் ஜின்ஜா நகரத்தில் நடந்ததைப் பார்க்கலாம். மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் இளம் அமெரிக்கப் பெண், ஊட்டச்சத்து இல்லாமல் நலிந்த குழந்தைகளுக்காக அங்கே ஒரு மையம் நடத்தினார். 2015 வரை அது இயங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தார்கள். மிகவும் நலிந்த நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகள், பிழைத்தவர்களே பெரும்பாலோர் என்பது மையத்தின் வாதம். படிக்காத கை சிகிச்சையில் இறங்கியது என்பது எதிர்த் தரப்பின் குற்றச்சாட்டு. இரண்டு தாய்மார்கள் 2019ல் வழக்குத் தொடுத்தார்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, குடும்பத்துக்கு ஏறக்குறைய 9,500 டாலர் என்ற அளவில் 2020ல் சமரசம் ஆனது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தது. வெளிநாடு போகும் மாணவர்களுக்கு 2011ல் அது வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. மருத்துவக் கல்லூரியில் இன்னும் சேராதவர் பெரும்பாலும் பார்க்க மட்டுமே போகிறார் என்பது அதன் சாரம். தகுதி மீறி எதையாவது செய்துவிட்டு அதைக் கல்லூரி விண்ணப்பத்தில் பெருமையாக எழுதினால், அதுவே விண்ணப்பத்துக்குப் பாதகமாகலாம் என்றும் எச்சரித்தது. 'அனுபவம்' சேர்க்கவென்றே கிளம்புகிற பிள்ளைகளின் பெற்றோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

அப்படியானால் படிக்காதவர் கையால் எதுவுமே செய்யக்கூடாதா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் அல்லாத தொண்டர்களின் கைகள் உலகத்தையே மாற்றிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதன் ஒரு கிளையில் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கிறது.

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ராணுவ டாக்டர். 1941ல் இந்திய ராணுவத்தில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவர். 1950 நவம்பரில் கொரியாவுக்குப் போன இந்தியாவின் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். இந்தியா அந்தப் போருக்குச் சிப்பாய்களை அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவை மட்டுமே அனுப்பியது. பிரிவின் ஒரு பாதி போர்முனையில் நின்றது. இன்னொரு பாதி தேகு நகரத்தில் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கைகொடுத்ததோடு, கொரியர்களுக்குப் பயிற்சியும் தந்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. தமிழ்நாட்டில் அவரை நினைவுகூர்கிறவர்கள் குறைவு. 2020 ஜூலை மாதத்தின் போர் நாயகராகத் தென் கொரியா அவரை அறிவித்தபோதுதான் நம்மில் பலருக்குப் பெயரே தெரிந்தது.

அதே ரங்கராஜ் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்பு வேலைக்காக ஆப்கானிஸ்தான் போனார். அங்கே ஒரு சிக்கல். அம்மை குத்துகிற ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் பெண்களைத் தொட முடியாது, பார்க்கவே முடியாது. 1960களின் இறுதியில் அமெரிக்க அமைதிப் படையைச் சேர்ந்த இளம் பெண்கள் தொண்டர்களாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் டாக்டர்களல்ல, நர்ஸ்களுமல்ல. கல்லூரி முடித்த சாதாரணப் பெண்கள். அவர்கள் கற்றுக்கொண்டவை முக்கியமாக இரண்டு: அந்த ஊர் மொழி, ஒரு ஊசியைப் பிடிக்கும் விதம்.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முனை இரண்டாகப் பிளந்திருக்கும். மருந்துக் குப்பியில் தோய்த்தால் பிளவுக்கு நடுவே தேவையான ஒரே ஒரு துளி நிற்கும். அளக்கும் வேலை இல்லை. மேல்கையில் சிறு வட்டத்துக்குள் பதினைந்து முறை விறுவிறுவென்று குத்த வேண்டும். அரை நிமிடத்துக்குள் அந்த இடத்தில் லேசாக ரத்தம் கசிந்தால் குத்தியது சரி. கசியாவிட்டால் சரியில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், கொப்புளம் எழும்பியிருந்தால் மருந்து பிடித்துவிட்டது. பழைய முறைக்குத் தேவைப்பட்ட மருந்தில் கால் பங்கு போதும். வேக வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். பெஞ்சமின் ரூபின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் உருவாக்கிய இந்த ஊசியைப் பிடிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிட முடிந்தது. ஐம்பதைத் தாண்டிய தமிழர்கள் மேல்கையைப் பார்த்துக்கொண்டால் அந்தக் காலத்து அம்மைத் தழும்பு இருக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தத் தொண்டர்கள் சின்ன வேலை ஒன்றை முழுமையாகக் கற்றுக்கொண்டு போனார்கள். பெரிய வேலையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு போகவில்லை. அதோடு, தவறு நடந்தால் தவறு என்று உடனே காட்டிக்கொடுக்கும் வழி அந்த வேலைக்குள்ளேயே இருந்தது. தையல் போடுவதில் அது கிடையாது. சரியாகச் சுத்தம் செய்யாமல் மேலே அழகாகத் தைத்த காயம் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். நான்கு நாள் கழித்துச் சீழ் கட்டும்போது தைத்தவர் விமானத்தில் இருப்பார்.

பெரியம்மைப் படலம் முழுக்க நல்லதாகவே நடந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1970களின் நடுவில், ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில், இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மறுத்தவர்களை அமுக்கிப் பிடித்து அம்மை குத்திய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இரவில் கதவை உடைத்து உள்ளே போன கதையும் உண்டு. திறமையான கையும் சம்மதம் கேட்க மறந்துவிடக்கூடும். ஆனாலும் 1977 அக்டோபரில் சோமாலியாவின் சமையல்காரர் ஒருவரோடு இயற்கையாகப் பரவிய பெரியம்மை முடிந்தது. 1980 மே மாதம் உலகம் அதை அறிவித்தது.

ஊசியே இல்லாத உதாரணமும் அந்தக் காலத்திலேயே இருக்கிறது. 1971ல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் பெருகி வந்தபோது, எல்லையோர பங்காவ்ன் ஆஸ்பத்திரியில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் சேர்ந்த பொடியைப் பொட்டலம் கட்டச் செய்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து நோயாளியின் அம்மாவோ அண்ணனோ புகட்டினார்கள். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு, அந்தத் திரவம் கொடுத்த இடத்தில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. நரம்பைத் தேடத் தெரிந்த ஒரு கைக்குப் பதிலாக, டம்ளரைப் பிடிக்கத் தெரிந்த நூறு கைகள். மஹலனாபிஸ் 2022ல் காலமானார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகுதான் வந்தது. நம் நாட்டு வழக்கம்.

வெளிநாட்டுக்குப் போய் மருத்துவம் பார்த்தவர்களின் வரிசையில் தமிழ்ப் படிப்பு படித்தவர்கள் விட்டுவிட முடியாத ஒருவர் இருக்கிறார். அவர் நம்மிடம் வந்தவர். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் நியூயார்க்கில் மருத்துவம் முடித்துவிட்டு 1847ல், இருபத்தைந்து வயதில், அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். அத்தோடு நின்றிருந்தால் இன்னொரு மிஷன் டாக்டர். உள்ளூர் மாணவர்களை வைத்துக்கொண்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடி அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள். கிராமத்துக்கு யாரும் மிஞ்சவில்லை. 1860களில் அவர் துணிந்து தமிழுக்கு மாறினார்.

தமிழில் புத்தகமே இல்லையே? மொழிபெயர்த்தார். மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று தலையணை அளவுப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். இரண வைத்தியம் என்றால் அறுவை மருத்துவம். இன்றைக்குக் கலைச்சொல் குழு கூடி, டீ குடித்து, மூன்று ஆண்டு கழித்து வெளியிடும் பட்டியல்களோடு ஒப்பிட்டால், கத்தியும் கையுமாக நின்றவர்கள் ஆக்கிய அந்தச் சொற்களில் ஒரு வேகம் இருப்பது தெரியும். ஏறக்குறைய அறுபது பேர் அவரிடம் படித்து டாக்டர்களானார்கள். 1873ல் கிரீன் திரும்பிப் போனபோது அவர் செய்த அறுவை சிகிச்சைகள் அவரோடு போய்விட்டன. அந்த அறுபது பேர் போகவில்லை.

சீனாவில் டாக்டர் கோட்னிஸும் அப்படித்தான். காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவின் ஐந்து டாக்டர்களில் ஒருவராக 1938 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறிய சோலாப்பூர்க்காரர். மேற்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். கையில் தொழில் ஏற்கெனவே இருந்தது. அங்கே அவர் புதிதாகக் கற்றது சீன மொழி. அந்த மொழியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார், அறுவை மருத்துவம் பற்றி எழுதினார். 1942 டிசம்பரில், முப்பத்திரண்டு வயதில், அங்கேயே இறந்தார். கிரீன் இருபது ஆண்டுக்கு மேல், கோட்னிஸ் நான்கு ஆண்டு. ஏஜென்சியின் வண்ணத் தாளில் ஆறு வாரம்.

சரி, காக்ஸ் டவுன் மாணவி என்ன கற்றுக்கொள்ளலாம்? நர்ஸ் ஆன்ட்டி ஊசியைத் தொட விடமாட்டார். "மொதல்ல கை கழுவிக் காட்டு" என்பார். அவமானமாக இருக்கும். ஆனால் சோப்பு போட்டுக் கை கழுவுவது நாற்பதிலிருந்து அறுபது நொடி வேலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையும் உண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பார்த்தால், இத்தனை நாள் கழுவியது கழுவலே அல்ல என்பது தெரியும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதும் அப்படித்தான். பட்டன் அமுக்கினால் எண் வந்துவிடுகிறது என்று நினைப்போம். வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும், பேசிக்கொண்டே இருந்தாலும் ஏறும். தவறான எண்ணை நம்பி டாக்டர் மாத்திரை எழுதிவிடுவார். அப்புறம் காய்ச்சல் அளப்பது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது, ரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, உடைந்த கைக்குச் சட்டம் கட்டுவது, படுத்த நோயாளியின் முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைப்பது. நின்றுபோன இதயத்துக்கு நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கப் பொம்மையில் பழகுவது. இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். இத்தனையும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவர்களின் முதலுதவி வகுப்புகளிலும், ஆஸ்பத்திரிகள் நடத்தும் பயிற்சிகளிலும் யாருடைய உடம்பையும் வீணாக்காமல் கற்கக்கூடியவை. எந்த நாட்டு வார்டிலும் காலையிலிருந்து மாலை வரை ஆள் தேவைப்படும் வேலைகளும் இவைதான்.

மொழியையும் சேர்க்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் ஸ்வாஹிலி. 'எங்கே வலிக்கிறது', 'எத்தனை நாளாக', 'தொடலாமா' என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவும், வரும் பதிலைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தாலே அவள் பாதி நர்ஸ். காக்ஸ் டவுனில் வளர்ந்த பெண்ணுக்கு இது கஷ்டமில்லை. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பஸ்ஸில் உருது, கல்லூரியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் வாய் பழகியவள்.

அவளுடைய சொந்த உடம்பையும் மறந்துவிடக்கூடாது. நோயாளிக்குக் குத்திய ஊசி தவறித் தன் விரலில் குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை 'பி' தொற்ற முப்பது சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்தில் மூன்று. காமாலைத் தடுப்பூசி மூன்று தவணை. முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாதம் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அது அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா? மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். அந்த அட்டை இல்லாமல் நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

இனி ஏஜென்சியிடம் போய்க் கேட்கலாம். வார்டில் பக்கத்தில் நிற்கப் போகிறவர் யார்? அவர் அந்த நாட்டில் பதிவு பெற்ற டாக்டரா, நர்ஸா? அங்கே படிக்கும் மருத்துவ மாணவர்களுக்குரிய இடத்தை வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பறித்துக்கொள்கிறாரா? ஒன்றைச் செய்யச் சொல்லி, தெரியாது என்று மறுத்தால் கோபிப்பார்களா? கட்டிய பணத்தில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகிறது? தொண்டரை மாணவி என்றே நோயாளியிடம் அறிமுகம் செய்வார்களா, அதுவும் நோயாளியின் மொழியில்? ஒழுங்கான அமைப்புகளிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் படித்து முடித்து, வேலை பார்த்த அனுபவமும் உள்ளவர்களை மட்டுமே டாக்டராகவும் நர்ஸாகவும் எடுக்கின்றன. மாணவர்களை அவை கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போவதில்லை.

பயணத்தை ஒரு வருடம் தள்ளிப் போட்டால் நஷ்டமில்லை. முதலுதவி வகுப்பும், மொழியும், மூன்று தவணை ஊசியும் அதற்குள் முடிந்துவிடும். நெஞ்சை அமுக்கும் பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை வாங்கினால், அது இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்கு மேல் கை மறந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மறுபடி பொம்மைக்குப் போய் முட்டி போட வேண்டும்.